கவிழ்ந்தால் மிதக்குமா? ஒரு சின்னப் படகு தேடியபோது எடுத்த குறிப்புகள்

போன வருடம் கோடை முழுக்க எங்கள் வீட்டில் படகுப் பேச்சுதான். நார்த் கரோலினாவில் ராலேக்குப் பக்கத்தில் இருக்கிறோம். அரை மணி நேரத்தில் ஜோர்டன் ஏரி. கிழக்கே மூன்று மணி நேரம் ஓட்டினால் போஃபர்ட், கடல். பையனுக்குப் பன்னிரண்டு வயது, பெண்ணுக்கு எட்டு. கரையில் நின்றே தூண்டில் போட்டு இரண்டு பேருக்கும் அலுத்துவிட்டது. ஐயாயிரம் டாலருக்குள் ஒரு சின்ன மீன்பிடிப் படகு, சனிக்கிழமை விடிகாலையில் குடும்பத்தோடு போய் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடணும். ஆசை அவ்வளவுதான்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும். எதை வாங்கப் போனாலும் முதலில் அதன் பூர்வீகத்தைத் தோண்ட ஆரம்பித்துவிடுவேன். ஆறு வாரம் படித்தேன். நீளம், அகலம், அடிப்பக்கத்தின் வடிவம், மோட்டாரின் குதிரைத்திறன், டிரெய்லர் என்று ஒரு அட்டவணையே போட்டு வைத்திருந்தேன். அப்புறம் ஊரிலிருந்து மாமனார் வந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், முட்டம் பக்கத்துக்காரர். அவருடைய அப்பா கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர். பழைய படகு ஒன்றைப் பார்க்கப் போனபோது அவரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

பதினைந்து அடி, ஃபைபர் கிளாஸ், தட்டை அடி, 1980களில் கட்டியது. விற்றவர் நல்ல மனிதர், எல்லாவற்றையும் பொறுமையாகக் காட்டினார். நான் மோட்டாரையே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். மாமா படகின் ஓரத்தை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே அமரத்துப் பக்கம் போனார். அமரம் என்றால் படகின் பின்புறம், முன்புறம் அணியம். இந்த இரண்டு சொல்லையும் அன்றைக்கு அவரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

"இது கவுந்தா மெதக்குமா மக்கா?"

என் அட்டவணையில் இல்லாத கேள்வி. விற்பவரிடம் மொழிபெயர்த்துக் கேட்டேன். உள்ளே முழுக்க ஃபோம் அடைத்திருக்கிறது, இரண்டாக உடைந்தாலும் மூழ்காது என்றார். மாமா தலையை ஆட்டிவிட்டு, "அப்ப அணியத்தத் தூக்கிப் பாப்பம்" என்றார். ஐநூறு பவுண்டு சொச்சம் என்று சொல்லப்பட்ட படகு. அதன் ஒரு முனையை மூன்று பேர் சேர்ந்து அசைக்கக்கூட முடியவில்லை. விற்பவருக்கே சந்தேகம் வந்து, தளத்தில் இருந்த ஒரு திருகாணியைக் கழற்றினார். துளையிலிருந்து பழுப்பு நிறத் தண்ணீர் மெதுவாகக் கசிந்து வந்தது. நாற்பது வருடத் தண்ணீரை ஃபோம் குடித்து வைத்திருக்கிறது. அவர் ஏமாற்ற நினைக்கவில்லை, அவருக்கே தெரியாது. வருத்தம் தெரிவித்துவிட்டுத் திரும்பினோம்.

வீட்டுக்கு வந்து என் குறிப்புகளை மறுபடி முதலிலிருந்து படித்தேன், இந்த முறை மாமாவின் கேள்வியை வைத்துக்கொண்டு. அப்படிப் படித்ததும் சின்னப் படகின் வரலாறு வேறு மாதிரி தெரிந்தது.

ஸ்கிஃப் என்கிற சொல் பல வகைப் படகுகளுக்குப் பொருந்தும். அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் அந்தப் பெயரைச் சொன்னால் மனதில் வருவது இதுதான்: கூரான அணியம், சதுரமாக வெட்டிய அமரம், தட்டையான அடி. படகுக் கலையில் இதைவிட எளிய வடிவம் அதிகம் இல்லை. இரண்டு நீளப் பலகையை வளைத்து இரு பக்கமும் வைத்து, அடியில் குறுக்கே பலகைகளை அடித்தால் முடிந்தது. வளைந்த அடியுள்ள படகைக் கட்டத் தேர்ந்த தச்சர் வேண்டும். ஸ்கிஃபுக்குக் கொட்டகையும் சுத்தியலும் உள்ள எந்த மீனவனும் போதும். நீராவி அறுவை ஆலைகள் பெருகி, 19ஆம் நூற்றாண்டில் நேரான பலகை மலிவானபோதுதான் இந்த வகை எங்கும் பரவியது. அதாவது இது ஏழைகளின் படகாக ஆனதற்குப் பாதிக் காரணம் மர ஆலை.

ஸ்கிஃபின் பெரிய அண்ணன் ஒன்று உண்டு, ஷார்ப்பி. கனெக்டிகட்டில் நியூ ஹேவன் ஊரின் சிப்பி மீனவர்கள் பயன்படுத்திய தட்டை அடிப் பாய்மரப் படகு அது. ஸ்மித்சோனியனில் பணியாற்றிய ஹோவர்ட் சாப்பெல் என்ற படகு வரலாற்றாசிரியர், இந்த ஒரே வகைப் படகு எப்படி ஊர் ஊராக இடம்பெயர்ந்தது என்று 1961-ல் ஒரு நீண்ட கட்டுரை எழுதியிருக்கிறார். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, ஆர்வமுள்ளவர்கள் தேடிப் படியுங்கள். 1870களில் ஜார்ஜ் ஐவ்ஸ் என்பவர் நியூ ஹேவனிலிருந்து ஷார்ப்பியைப் போஃபர்ட்டுக்குக் கொண்டுவந்தார். (சவுத் கரோலினாவிலும் இதே எழுத்தில் ஓர் ஊர் உண்டு. அதைப் 'பியூஃபர்ட்' என்று சொல்லணும். மாற்றிச் சொன்னால் இரண்டு ஊர்க்காரர்களும் முறைப்பார்கள்.) எங்கள் மாநிலத்தின் கடலோரம் முழுக்க ஆழமில்லாத காயல். பாம்லிக்கோ, கோர் சவுண்ட் என்று பெரிய பெரிய நீர்ப்பரப்புகள், ஆனால் பல இடங்களில் ஆள் உயரம்கூட ஆழம் இல்லை. அப்படிப்பட்ட இடத்துக்குத் தட்டை அடி அளவெடுத்துத் தைத்த மாதிரி.

இதே காலத்தில் இதே கரையில் ரோனோக் தீவில் வாஷிங்டன் க்ரீஃப் என்பவர் ஷேட் படகு என்ற அழகான வளைவடிப் படகைக் கட்டிக்கொண்டிருந்தார். அதன் விலாச் சட்டங்களுக்கு மரத்தின் இயற்கையான வளைவையே தேடி எடுத்தார்கள். இன்று மாநிலத்தின் அதிகாரபூர்வ வரலாற்றுப் படகு என்ற கௌரவம் அதற்குத்தான் கிடைத்திருக்கிறது. ஸ்கிஃபுக்கு அப்படி எந்தக் கௌரவமும் இல்லை. ஆனால் கொல்லைப்புறத்தில் கவிழ்த்துப் போட்டிருந்தது ஸ்கிஃப்தான்.

மாமாவின் கேள்வியை இந்தப் பழைய மர ஸ்கிஃபிடம் கேட்டால் பதில் வந்துவிடும். தண்ணீர் நிறைந்தாலும் மரம் மிதக்கும். விளிம்பு வரை அமிழ்ந்து, தொட்டி மாதிரி கிடக்கும். ஆனால் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று மேலே இருக்கும். இந்தப் பாதுகாப்பை யாரும் திட்டமிட்டு வைக்கவில்லை, யாரும் அதற்கென்று காசு கொடுக்கவும் இல்லை. மரத்தோடு சும்மா வந்தது.

அது கையைவிட்டுப் போனது இரண்டு கட்டமாக.

முதல் கட்டம் மோட்டார். நார்வேயில் பிறந்து விஸ்கான்சினில் வளர்ந்த ஓலே எவின்ரூட், வருங்கால மனைவி பெஸ்ஸுக்கு ஐஸ்கிரீம் வாங்க ஒகாச்சி ஏரியைத் துடுப்புப் போட்டுக் கடந்தார், திரும்பி வருவதற்குள் அது உருகிவிட்டது, அந்தக் கடுப்பில் மோட்டார் செய்தார் என்று ஒரு கதை உண்டு. கதை எந்த அளவுக்கு மெருகேறியது என்பதை உங்கள் முடிவுக்கு விடுகிறேன். அவருக்கு முன்பே கேமரன் வாட்டர்மன் என்பவர் படகுக்கு வெளியே மாட்டும் மோட்டாரை விற்கத் தொடங்கிவிட்டார். ஆனால் 1909-ல் எவின்ரூட் கொண்டுவந்த மோட்டார்தான் பரவலாகப் போனது. ஒன்றரைக் குதிரைத்திறன், எடை 62 பவுண்டு, விலை 62 டாலர். விளம்பரம் எழுதியது பெஸ். துடுப்பைத் தூக்கி எறியுங்கள் என்பதுதான் அவர் சொன்ன செய்தி.

வார நாளில் தொழிற்சாலை, வாரக் கடைசியில் ஏரி என்ற வாழ்க்கைக்கு இது கதவைத் திறந்தது. அதுவரை சின்னப் படகு பெரும்பாலும் பிழைப்புக்கானது. இனி குடும்பத்துக்கும் ஆனது. ஆனால் துடுப்புக்காரன் நடுவில் உட்காருவான், மோட்டார் அமரத்தில் தொங்குகிறது. அதை இயக்குபவரும் அங்கேயே உட்காருகிறார், எரிபொருளும் அங்கேதான். படகின் எடை முழுக்க ஒரே மூலைக்குப் போய்விட்டது. மோட்டாரின் தண்டுக்காக அமரப் பலகையைத் தாழ்வாக வெட்டினார்கள். இப்போது பின்னாலிருந்து வருகிற அலை நுழைய ஒரு வாசல் இருக்கிறது. தண்ணீர் நிறைந்தால் படகு முன்போல் மட்டமாக மிதப்பதில்லை, அமரம் கீழே போய் அணியம் மட்டும் வானத்தைப் பார்க்கும்.

இரண்டாவது கட்டம் போருக்குப் பிறகு. 1944-ல் க்ரமன் போர்விமான நிறுவனத்தின் வில்லியம் ஹாஃப்மன் விடுமுறையில் கனமான மரக் கனூவைச் சுமந்து களைத்துப்போய், விமானத் தகட்டிலேயே ஒன்றைச் செய்தால் என்ன என்று யோசித்தார். அடுத்த வருடமே அலுமினியக் கனூக்கள் விற்பனைக்கு வந்தன. 1948-ல் மினசோட்டாவில் ஹோவர்ட் லண்ட் அலுமினியத்தில் மீன்பிடிப் படகு செய்ய ஆரம்பித்தார். இன்னொரு பக்கம் ஃபைபர் கிளாஸ் வந்தது. அச்சில் வார்த்து எடுக்கலாம், தச்சர் வேண்டாம். பலகைக்கு இடையே பஞ்சு திணிக்கிற வேலை இல்லை, வருடா வருடம் பெயிண்ட் இல்லை, காய்ந்து விரிசல் விடுவதும் இல்லை. விலையும் பராமரிப்பும் குறைந்தன. எல்லாமே லாபம், ஒன்றைத் தவிர. அலுமினியமும் கண்ணாடி நாரும் தண்ணீரைவிட அடர்த்தியானவை. எவர்சில்வர் தட்டு மிதக்கிற மாதிரிதான் அவை மிதக்கும். உள்ளே தண்ணீர் ஏறினால் தட்டு போகிற இடத்துக்கே போகும்.

மரம் சும்மா கொடுத்ததை இனி தனியாகச் செய்து வைக்கணும் என்று ஆகிவிட்டது.

இந்த இடைக்காலத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் எங்கள் மாநிலத்துக்காரர்தான். வில்மிங்டனுக்குப் பக்கத்தில் மிர்ட்டில் குரோவ் சவுண்டில் இருந்த டி. என். சிம்மன்ஸ். 1950 முதல் 1972 வரை ஏறத்தாழ ஆயிரம் சின்னப் படகுகள் கட்டினார். சிம்மன்ஸ் ஸீ ஸ்கிஃப் என்று பெயர். பிளைவுட்டும் உள்ளூர் மரமும்தான். முகத்துவாரத்தின் அலையைத் தாண்டிப் போய் மீன்பிடித்துவிட்டு வீடு திரும்பணும், சின்ன மோட்டார் போதணும், சாதாரணச் சம்பளக்காரரால் வாங்க முடியணும் என்பதுதான் கணக்கு. நான் தேடிக்கொண்டிருந்த அதே பொருள்! அதன் வரைபடத்தை வில்மிங்டனில் உள்ள கேப் ஃபியர் அருங்காட்சியகம் விற்றுவந்தது. வாங்கிக் கட்டிவிடலாமா என்று ஒரு வாரம் கனவு கண்டேன். "மொதல்ல கராஜுல உள்ள புத்தக அலமாரியக் கட்டி முடிங்க" என்றாள் மனைவி. ஒன்றரை வருடமாகப் பாதியில் நிற்கிறது, வாதாட முடியவில்லை.

இந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொன்னவர் மாசசூசெட்ஸின் ரிச்சர்ட் ஃபிஷர். ஹார்வர்டில் தத்துவம் படித்தவர். ரே ஹண்ட் என்ற வடிவமைப்பாளரோடு சேர்ந்து, இரண்டு ஃபைபர் கிளாஸ் ஓடுகளுக்கு நடுவே ஃபோமை ஊற்றி இறுகவைத்த 13 அடிப் படகை 1958-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதுதான் பாஸ்டன் வேலர். 1961-ல் லைஃப் பத்திரிகையில் அதன் படங்கள் வந்தன: கோட்டும் டையுமாக ஃபிஷர் படகில் உட்கார்ந்திருக்க, அதை ரம்பத்தால் இரண்டாக அறுக்கிறார்கள், அவர் மோட்டார் உள்ள பாதியிலேயே ஓட்டிக்கொண்டு போகிறார். விளம்பர உத்திதான். ஆனால் அந்தப் படங்கள் பதில் சொன்ன கேள்வி முட்டத்துக்காரர் கேட்ட அதே கேள்வி. வேலர் அப்படியொன்றும் மலிவான படகு இல்லை என்பதையும் சொல்லணும். மூழ்காமல் இருப்பது அப்போது தனிக் காசு கொடுத்து வாங்கும் சிறப்பம்சமாக இருந்தது.

அதை எல்லாருக்கும் ஆக்கியது சட்டம். அமெரிக்க நாடாளுமன்றம் 1971-ல் கூட்டரசுப் படகுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்கீழ் கடலோரக் காவல்படை விதிகள் போட்டது. 20 அடிக்குக் குறைந்த படகுகளில், எத்தனை பேர், எவ்வளவு எடை, அதிகபட்சம் எவ்வளவு குதிரைத்திறன் என்று ஒரு தகடு பதிக்க வேண்டும். பிறகு 1978-ல் இன்னொரு படி. மோட்டார் மாட்டும் சின்னப் படகு, தண்ணீர் நிறைந்த நிலையிலும் ஆட்களைத் தாங்கிக்கொண்டு மட்டமாக மிதக்க வேண்டும். வெறுமனே மூழ்காமல் அணியம் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றால் போதாது. அமரம் கீழே போகிற அந்த எவின்ரூட் காலத்துச் சிக்கலுக்கு எழுபது வருடம் கழித்து வந்த விடை இது.

1970களின் தொடக்கத்தில் அந்த நாட்டில் பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் ஆண்டுக்கு ஆயிரத்து நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள். 2023-ல் 564. இடையில் பதிவான படகுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ இரண்டு மடங்காகியிருக்கிறது. எல்லாப் புண்ணியமும் தகட்டுக்கு இல்லை, உயிர்காப்புச் சட்டைக்கும் பெரிய பங்கு உண்டு. 2023-ல் இறந்தவர்களில் நாலில் மூன்று பேர் மூழ்கி இறந்தவர்கள். அவர்களில் 87 சதவீதம் பேர் சட்டை போட்டிருக்கவில்லை. இந்தக் கணக்கை மகனிடம் படித்துக் காட்டினேன், சட்டை வேர்க்கிறது என்று அதற்குப் பிறகு அவன் சொன்னதில்லை.

இதையெல்லாம் மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் பெரிதாக வியக்கவில்லை. "கட்டுமரத்துக்கு எதுக்கு ஃபோம்?" என்றார். யோசித்துப் பார்த்தால் சரிதான். கட்டுமரத்துக்கு உள்பக்கமே கிடையாது, தண்ணீர் நிறைய இடமில்லை. அலை மேலே ஏறிக் கட்டைகளின் இடுக்கு வழியே வடிந்துவிடும். கவிழ்ந்தால் நிமிர்த்தி ஏறிக்கொள்வார்கள். வில்லியம் டாம்பியர் 1697-ல் வெளியிட்ட பயணநூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைக் குறிப்பிடுகிறார். அந்தச் சொல்தான் பிறகு இரட்டை ஓட்டுப் படகுக்கு இடம் மாறிப் போனது. எங்கள் ஊர்ப் படகுக் கடையில் 'கேட்டமரன்' என்று எழுதி வைத்திருப்பதில் கட்டும் இல்லை, மரமும் இல்லை.

முட்டத்தில் 1980களில் பியர் ஜில்லே என்பவர் பிளைவுட் படகு கட்டும் முயற்சியை முன்னெடுத்தார். அந்த அனுபவத்தை 1985-ல் ஒரு புத்தகமாகவும் எழுதினார். அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'சிறியது கடினம்' என்று வரும். மாமாவுக்கு அந்தப் படகுகள் நினைவிருக்கின்றன. "எங்க அப்பன் அதுல ஏறல்ல. நல்ல வள்ளம்தான், வேகம் உண்டு, உடுப்பு நனையாது. ஆனா தண்ணி கேறுனா எங்க போவும்னு கேட்டாரு" என்றார். கேள்வி யாரிடமிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

சரி, கடைசியில் என்ன வாங்கினோம்? கதையை நீட்டவில்லை. பதினாறு அடி அலுமினியப் படகு, 20 குதிரைத்திறன் மோட்டார், டிரெய்லர், எல்லாம் பழையது, 4,600 டாலர். ஃபோம் தளத்துக்கு அடியில் இல்லை, இருக்கைகளுக்குள் இருக்கிறது. மூடியைத் திறந்து கையால் அழுத்திப் பார்க்க முடிந்தது, காய்ந்திருந்தது. எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. பழைய படகு பார்க்கப் போகிறவர்களுக்கு என் யோசனையும் அதுதான். மோட்டாரைப் பற்றி உங்களுக்கு ஆயிரம் பேர் சொல்வார்கள். நீங்கள் ஃபோமைத் தொட்டுப் பாருங்கள், முடியாவிட்டால் படகை எடை போட்டுப் பாருங்கள். அமரப் பலகையைத் தட்டிப் பாருங்கள், உள்ளே மரம் உளுத்திருந்தால் சத்தத்திலேயே தெரியும். தகடு இல்லாத பழைய படகு என்றால் நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கிப் பதினைந்தால் வகுக்கணும், அதுதான் ஆள் கணக்கு. அமைதியான தண்ணீருக்கான கணக்கு அது. பெரிய மோட்டார் மேல் ஆசை வந்தால் தகட்டைப் படியுங்கள். பதினாறு அடியில் நாற்பது மைல் வேகம் குடும்பத்துக்குத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம், மகனுடையது வேறு.

முதல் சனிக்கிழமை ஜோர்டன் ஏரியில் படகை இறக்கினோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமா, அத்தை. கூடவே புளியோதரை டப்பா, ஐஸ் பெட்டி, தூண்டில்கள். எல்லாரும் சட்டை மாட்டிக்கொண்டு ஏறத் தயாராக நின்றபோது மாமா குனிந்து அமரத்தில் இருந்த தகட்டைப் படித்தார். 5 பேர் என்று இருந்தது.

சின்னவள் எட்டு வயசுதானே, எடைக்கணக்கில் எல்லாம் அடங்கிவிடும் என்று நான் ஆரம்பித்தேன்.

"அஞ்சுன்னா அஞ்சு மருமவனே" என்று சொல்லிவிட்டு, மாமா தன் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். ஒரு சுற்று போய்விட்டு வாருங்கள், அடுத்த சுற்றுக்கு நான் வருகிறேன் என்று கரையில் பைன் மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். ஒரு மணி நேரம் கழித்து நாங்கள் இரண்டு சின்னக் கெளுத்தியோடு திரும்பியபோது அங்கேயேதான் இருந்தார். பக்கத்தில் புளியோதரை டப்பா திறந்திருந்தது.